ஒரு துண்டும் இரண்டு நைட்டியும்

“…ஒரே ஒரு துண்ட வெச்சிக்கினு ரெண்டு பொம்பளைங்க எப்படி வாசலுக்குப் போறது, நீங்களே சொல்லுங்க” என்றார் சம்பந்தி, குரலை அடக்கி, அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றபடி.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமியார். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டு அடுப்படியில் நாங்கள் இருவரும் நைட்டியோடு நின்றிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயாகிவிட்டது. பேரப்பிள்ளை எங்கள் காலடியில் பாயில் கிடந்து கையைச் சப்பிக்கொண்டிருந்தான். வாசலில் மணி அடித்தது. அதன் பின்னாலேயே ஒரு இருமல். அந்த இருமலை வைத்தே சம்பந்தி ஆளைச் சொல்லிவிட்டார். அவருடைய மூத்தார், காலமான கணவரின் அண்ணன். அவர் எதிரில் முந்தானையை இழுத்துச் செருகாமல் சம்பந்தி ஒருநாளும் நின்றதில்லை. புடவை இருக்கும் அறைக்குப் போக வேண்டுமானால் கூடத்தைக் கடக்க வேண்டும். கூடத்து ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார்.

சம்பந்தி அடுத்து என்ன செய்தார் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு துணி தேடி நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் அதைச் சொன்னால் ஒன்றும் விளங்காது.

நான் விழுப்புரத்துக்காரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தரும் காகிதத்தைப் பிரித்துப் படித்துப் படித்தே எழுத்து வசப்பட்டது. பேச்சோ கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். யார் எதைச் சொன்னாலும் சொன்ன விதத்தோடு மனதில் தங்கிவிடும். அதனால் இதில் என் பேச்சைவிட அடுத்தவர் பேச்சு அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ விடுப்பு முடிந்ததும், வருகிறாயா இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார்கள். சம்பந்திக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கைக்குழந்தையை அவர் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாது. ஆகவே திங்கட்கிழமை காலை விழுப்புரத்தில் பஸ் ஏறி, சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவது என்று ஏற்பாடு. நான் இருந்தால் மகளுக்கு வேலை இருக்கும். நான் வராவிட்டால் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பு தகராறு பண்ணியது. வயசுக்கு வந்த நாளிலிருந்து பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டி, இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இருக்கும் என்பதால் நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. அந்த வளையம் ஒரு பக்கம் வெடித்துப் புண்ணாகி நீர் கசிய ஆரம்பித்தது. மகள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். அவர் பார்த்துவிட்டு, “ஆறுற வரைக்கும் நாடாவே கூடாதுங்க. வீட்ல நைட்டி போட்டுக்கங்க. இத அலட்சியமா விட்டா வேற மாதிரி போயிடும்” என்றார். வேற மாதிரி என்றால் என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் போன போக்கே போதுமாக இருந்தது.

சரி என்று அடுத்த திங்கட்கிழமை நைட்டியோடு கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சம்பந்தி உள்ளேயிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சம்மந்திமா, ஒடம்புக்கு முடியலியா?”

“இல்லியே, நல்லாத்தான்கீறேன்.”

“இல்ல, பொழுது விடிஞ்சும் நைட்டியிலயே கீறீங்களேன்னு கேட்டேன்.”

புண்ணைப் பற்றிச் சொன்னேன். ‘அய்யய்யோ’ என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார், மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “அதுக்காக முன்னாடி வராதீங்க. பையன் மனை வாங்கி விக்கற தொழிலு பண்றான், நாலு பேரு வருவாங்க போவாங்க. புடவையில இருந்தீங்கன்னா கூடத்துல இருங்க, இல்லாங்காட்டி உள்ளயே இருங்க. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார்.

அந்த வீட்டில் உள்ளே என்றால் அடுப்படியும் பின்கட்டும்தான். காற்று கூடத்தில். டி.வி. கூடத்தில். நல்ல ஃபேன் கூடத்தில். பிள்ளையும் ஃபேனுக்கு அடியில் கூடத்தில். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவன் அழுகிறானா என்று காதை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். யாராவது வந்து மணி அடித்தால் பின்கட்டுக்கு ஓட வேண்டும். பிள்ளையைப் பார்க்க வந்தேனா, ஒளிந்து விளையாட வந்தேனா?

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். முட்டி தெரிகிற அரை டவுசரை மாட்டிக்கொண்டு, அதோடு தெருவில் இறங்கிப் போய், டீக்கடையில் நின்று வடை தின்று, எங்களுக்கும் கட்டி வாங்கி வந்தார். தங்கமான பிள்ளைதான். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டவுசரைப் பார்த்து ‘ஒடம்புக்கு முடியலியா’ என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. விழுப்புரத்தில் என் வீட்டுக்காரர் ஒருபடி மேலே. ஒரு கைலி, ஒரு ஓட்டை பனியன். அதோடு வாசலில் நின்று வார்டு கவுன்சிலரிடமே பேசுவார். நான் வீட்டில் போட ஒரு துணி வேண்டும் என்று புலம்பியபோது, “ஊட்ல சும்மா கீறதுக்கு எதுக்கு இம்மாம் ஆராய்ச்சி?” என்றார், கைலியை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டே. ‘சும்மா’ இருப்பது யார் என்று கேட்க வாயெடுத்து, சண்டைக்கு நேரமில்லாமல் விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. இடுப்பில் எதுவும் இறுக்கக் கூடாது. மணி அடித்தால் ஓடி ஒளியாமல் கதவைத் திறக்கும்படி இருக்க வேண்டும். தினமும் துவைத்தாலும் தாங்க வேண்டும். நம் கைக்கு அடங்கிய விலையில் இருக்க வேண்டும். இந்த நாலும் சேர்ந்த ஒரு துணியை இந்த ஊரில் ஒருத்தரும் தைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலமே பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் கடை கடையாக ஏறினேன். நைட்டி என்று கேட்டதும் மலை மாதிரி கொட்டினார்கள். எல்லாவற்றிலும் நெஞ்சில் ஜிப், பால் கொடுக்கிறவர்களுக்காக.

“எனக்கு எதுக்கும்மா ஜிப்பு? பேரப்புள்ளையே எடுத்துட்டேன்.”

“இருந்துட்டுப் போவட்டும்கா. தெறக்காம வெச்சிக்கோங்க” என்றாள் விற்கிற பெண்.

ஜிப் இல்லாமல் கேட்டதற்கு வழவழவென்று ஒரு ரகத்தை எடுத்தாள். போட்டால் உடம்பில் இருக்கிறதெல்லாம் ஊருக்குத் தெரியும். பருத்தியில் கேட்டேன். பருத்தியில் பூ. சாதாரணப் பூ இல்லை, பூசணிப் பூ அகலத்துக்குப் பூ.

“பூ இல்லாத காட்டும்மா. தூரத்துலயே நைட்டின்னு தெரியுது.”

“நைட்டின்னா பூவுக்கா. பூவு வேணாம்னா சுடிதார் செக்‌ஷனுக்குப் போங்க.”

போனேன். அங்கே டாப்ஸ் எல்லாம் என் மகள் கல்யாணத்துக்கு முந்தி இருந்த அளவுக்கு. கை நுழைந்தால் தோள் நுழையவில்லை. பெரிய சைஸ் என்று தந்ததில் இரண்டு பக்கமும் இடுப்பு வரை வெட்டு. வெட்டு இருந்தால் பேன்ட் போட வேண்டும், பேன்டுக்கு எலாஸ்டிக். நாடாவிலிருந்து தப்பி எலாஸ்டிக்கில் மாட்டுவதற்கு நான் எதற்கு இத்தனை படி ஏறினேன்? கடைசியில் கனமான பருத்தியில், உள்ளே பாவாடை கட்டாமலே போட்டுக்கொள்ளும்படி, அடர் சிவப்பில் ஒன்று கிடைத்தது. பூ இருந்தது, ஆனால் அடக்கமான பூ. முதல் துவையலில் சாயம் போய்ப் பிள்ளையின் வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆனது. இரண்டாம் துவையலில் கணுக்காலிலிருந்து ஏறிக் கெண்டைக்காலுக்கு வந்தது. இன்னொரு தடவை துவைத்தால் பிள்ளைக்கே சரியாக இருக்கும் என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீ சும்மா இரும்மா, போன்லயே நான் போட்டுர்றேன்” என்று அவள் ஆர்டர் செய்தாள். படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். நைட்டியும் இல்லை, கவுனும் இல்லை, அழகாகத்தான் இருந்தது. வந்ததைப் பிரித்தால் மினுமினு என்று ஏதோ நைலான். எடுத்துத் தலைவழியாக மாட்டும்போதே முடியெல்லாம் நட்டுக்கொண்டது. சம்பந்தி பார்த்துவிட்டு, “இது இன்னா சம்மந்திமா, தேருக்குப் போத்தற துணி மாதிரி மின்னுது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. திருப்பி அனுப்பினோம்.

பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. துணி எடுத்து நாமே தைத்துக்கொண்டால்? பூ இல்லாத, வெட்டு இல்லாத, சாயம் போகாத துணி. கெட்டியான பருத்தி, நல்ல நீலம். எங்கள் தெருவில் தைக்கிற பெண்ணிடம் கொடுத்து, கணுக்கால் வரை வேண்டும், சின்னக் காலர் வேண்டும், போன் வைக்க ஒரு பை வேண்டும், இடுப்பில் ஒன்றும் வேண்டாம் என்றேன்.

“இதுக்குப் பேரு இன்னாக்கா?”

“பேருலாம் தெரியாது. வீட்ல போடறதுக்கு.”

“பேரு சொன்னாதானே கையி போவும்! நைட்டின்னா ஒரு கையி, சுடிதாருன்னா ஒரு கையி. பேரே இல்லாத துணிய நான் எங்கருந்து ஆரம்பிக்கறது?”

இருந்தாலும் தைத்துக் கொடுத்தாள். அருமையாக இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தால் நழுவவில்லை. உட்கார்ந்தால் காற்றோட்டம். பையில் போன். சம்பந்திகூட மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது பரவால்ல” என்றார். அந்தத் துணியோடு நான் கூடத்தில் உட்கார்ந்தேன், ஃபேனுக்கு அடியில், டி.வி.க்கு எதிரில், மகாராணி மாதிரி.

மறுநாள் காலை மணி அடித்தது. ஓடவில்லை, ஒளியவில்லை, நானே போய்க் கதவைத் திறந்தேன். கையில் ஊசி மருந்து டப்பாவோடு ஒரு அம்மா.

“நர்ஸம்மா இருக்காங்களா ஆயாம்மா?”

“டூட்டிக்குப் போயிட்டாங்களே.”

“ஆமா, நீங்க அதே ஆஸ்பத்திரிதானே? ஒங்களுக்கு டூட்டி எப்ப மாறும்? ஒங்களோடவே வந்துர்றேன்.”

அப்போதுதான் உறைத்தது. மகளின் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கிறவர்களுக்கு இதே நீலம், இதே காலர், இதே பை. நான் எங்கிருந்து அந்த நீலத்தை நல்ல நீலம் என்று பிடித்தேன் என்று இப்போது தெரிந்தது. அங்கே பார்த்துப் பார்த்துத்தான். உள்ளேயிருந்து சம்பந்தி சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கித்தான் பார்த்தார், அடங்கவில்லை. அந்த வேலையை நான் குறைவாக நினைக்கிறவள் இல்லை. என் சின்னம்மா ரிட்டயர் ஆகும் வரை அந்த வேலைதான் பார்த்தாள். ஆனால் சொந்த மகள் வீட்டில், சம்பந்தி எதிரில், பிள்ளை பார்க்க வந்த கூலி ஆள் மாதிரி நிற்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நீலத் துணி இப்போது எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறை.

ரோஷத்தில் மறுபடி புடவைக்குப் போனேன். நாடாவைத் தளரக் கட்டினால் பாவாடை நிற்கவில்லை, இறுக்கினால் புண் நிற்கவிடவில்லை. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் உட்காரவே முடியாமல், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். “எடம் கீதேம்மா, குந்தேன்” என்றார் கண்டக்டர். எங்கே குந்துவது? வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல். புண் சீழ் பிடித்துவிட்டது. அந்த வாரம் போக முடியவில்லை. போனில் மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “விடும்மா, நான் வேலைய விட்டுர்றேன். பையன் கொஞ்சம் பெரியவனாவட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சாதாரணமாகச் சொன்னாள். அவளை நர்ஸ் படிக்கவைக்க அவளுடைய அப்பா சித்தாள் வேலை வரை பார்த்த மனுஷர். ஒரு பாவாடை நாடாவில் போகப் போகிறதா அந்த வேலை? “ஒரு வாரம் பொறுடி” என்று மட்டும் சொன்னேன்.

காய்ச்சல் விட்டு அடுத்த திங்கட்கிழமை திண்டிவனம் போனேன். கதவு திறந்திருந்தது. பின்கட்டில் சம்பந்தி நின்று துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் போன முறை கொடியில் விட்டுப்போன அடர் சிவப்பு நைட்டி, சாயம் போய்ச் சுருங்கினதுதான், அவர் உடம்பில் இருந்தது. என்னைவிடக் குள்ளம் என்பதால் அவருக்குக் கணுக்கால் வரை சரியாக வந்திருந்தது.

அவராகவே, “புடவ காயல, அதான்” என்றார்.

பிறகு மகள் சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளையைக் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது நான்தான். நான் இல்லாத வாரம் அந்த வேலை சம்பந்தி தலையில் விழுந்தது. மகள் அவரைப் பலகையில் உட்காரவைத்து, முடிந்ததும் தூக்கி நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறாள். புடவையைத் தொடை வரை சுருட்டிச் செருகினாலும், நீட்டின காலில் பிள்ளை உதைக்கிற உதையில் புடவை, பாவாடை எல்லாம் தெப்பல். மாற்றுப் புடவை கட்டி முடிப்பதற்குள் பிள்ளை அதையும் நனைத்திருக்கிறான். மூன்றாம் நாள் அவர் கொடியைப் பார்த்திருக்கிறார். கொடியில் என் நைட்டி.

புடவை அன்றைக்குக் காய்ந்தது. மறுநாளும் காய்ந்தது. சம்பந்தி நைட்டியிலேயே இருந்தார். “முட்டிக்கு லேசாகீது” என்று ஒருநாள் தானாகச் சொன்னார். நான் ‘ம்’ கொட்டியதோடு சரி. வாயைத் திறந்தால் பழைய கணக்கெல்லாம் வந்துவிடும். ‘உள்ளயே இருங்க’ என்ற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தோம். புண்ணும் மெல்ல ஆற ஆரம்பித்தது. நான் தேடிய துணி கிடைத்துவிட்டதா என்றால் இல்லை. அதே பூசணிப் பூவும் அதே ஜிப்பும்தான். நைட்டியோடு கதவைத் திறப்பது மட்டும் இன்னும் எங்களால் ஆகவில்லை. அதற்குத்தான் துண்டு. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு காசித்துண்டு தொங்கும். மணி அடித்தால் போகிறவர் அதை எடுத்துத் தோளில் போட்டு மார்பை மூடிக்கொண்டு திறப்பார், வந்து மறுபடி மாட்டுவார். பால், கேஸ், தபால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு துண்டு. தோளில் துண்டு ஏறிவிட்டால் நைட்டி நைட்டியாகத் தெரியாது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் நம்புகிறோம். எதிரில் நிற்பவர்களும் அப்படியே நம்பி நடந்துகொள்கிறார்கள்.

அப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாளில்தான் மூத்தார் வந்தார்.

கீரைக்காரியிடம் போய்வந்த துண்டை ஆணியில் மாட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு நான் அடுப்படிக்கு வந்திருந்தேன். மற்ற துண்டெல்லாம் மாடியில் காய்கிறது. மறுபடி மணி.

“இன்னா, ஊட்ல யாரும் இல்லியா? மல்லாட்ட எடுத்தாந்துகீறேன்!” என்று குரல். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.

சம்பந்தியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் பயம்தான், அவருக்காக மட்டும் இல்லை. அந்தப் பெரியவர் முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தி இன்றைக்கே புடவைக்குப் போய்விடுவார். அவர் புடவையில் இருந்தால் நான் நைட்டியில் இருக்க முடியாது. எனக்கு நாடா ஆகாது. நான் பஸ் ஏற வேண்டியதுதான், மகள் வேலையை விட வேண்டியதுதான்.

துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். “நீங்க போட்டுக்கினு போங்க. ஒங்க மூத்தாரு. நான் இங்கியே நிக்கறேன்.”

“வந்ததும் தண்ணி குடிக்க நேரா அடுப்படிக்குத்தான் வருவாரு. அப்ப நீங்க இன்னா பண்ணுவீங்க? ஒரே ஒரு துண்ட வெச்சிக்கினு ரெண்டு பொம்பளைங்க எப்படி வாசலுக்குப் போறது, நீங்களே சொல்லுங்க.”

கையில் நீட்டின துண்டோடு நின்றேன். சம்பந்தி துண்டைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே பாயைப் பார்த்தார்.

துண்டை என் கையிலிருந்து வாங்கி என் தோளிலேயே திருப்பிப் போட்டு, இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டார். “புள்ளயத் தூக்கிக் குடுங்க” என்றார். கொடுத்தேன். கழுத்திலிருந்து வயிறு வரை மறைகிற மாதிரி அவனைக் குறுக்கே மார்போடு அணைத்துக்கொண்டு, முட்டியைத் தாங்கித் தாங்கிக் கூடத்தின் நடுவாக, ஜன்னலைத் தாண்டி நடந்து போய், அந்த நைட்டியோடு கதவை அகலத் திறந்தார்.